காசியில் நிதானமாக நான்கு நாள்: அறையும் ஆறும் பில்லும்

கங்கைக் கரையில் நல்ல ஹோட்டலாகப் பார்த்து, அவசரமில்லாமல் நான்கைந்து நாள் தங்கிவிட்டு வரும் வழக்கம் நம் குடும்பங்களில் வேகமாகப் பரவியிருக்கிறது. பெற்றோரின் அறுபதாம் கல்யாணத்துக்குப் பிள்ளைகள் தரும் பரிசாகவும், ஓய்வுபெற்றவர்கள் தங்களுக்கே செய்துகொள்ளும் செலவாகவும் அது இருக்கிறது. சிறிய தொகை இல்லை. அதனால் வரும் புகார்களும் சிறியவையாக இல்லை. இந்த முறை காசிக் கடிதங்கள் மட்டும்.

கேள்வி: "கங்கைக் காட்சி அறை" என்று இணையத்தில் பதிவு செய்தோம். ஓர் இரவுக்கு ரூ.14,000, நான்கு இரவுகள். அறைக்குள் போனால் ஜன்னலுக்கு எதிரே பக்கத்துக் கட்டடத்தின் சுவர். பால்கனியின் கோடியில் நின்று எட்டிப் பார்த்தால் ஆறு ஒரு துண்டு தெரிகிறது. மேலாளரிடம் கேட்டால், "தெரிகிறதே, அம்மா" என்கிறார். நாங்கள் ஏமாந்துவிட்டோமா?
– வாசகி, கோவை

பதில்: ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள். தவறு உங்களுடையதில்லை. எனக்கு வரும் காசிக் கடிதங்களில் அதிகம் இதைப் பற்றித்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

காசியில் கங்கை வடக்கு நோக்கி வளைந்து ஓடுகிறது. ஊர் முழுவதும் மேற்குக் கரையில் இருக்கிறது. எதிர்க்கரை பெரும்பாலும் வெறும் மணல்வெளி. 84 படித்துறைகளும் கிழக்கு பார்த்தவை. சூரியன் ஆற்றுக்கு அப்பாலிருந்து எழுந்து நேரே படிகளின்மேல் விழுவது இதனால்தான். அந்தக் காட்சி அறையிலிருந்தே கிடைக்க வேண்டுமென்றால் அறை படித்துறைக்கு மேலே முதல் வரிசையில் இருக்க வேண்டும். அந்த வரிசையில் நிற்பவை மராட்டிய, ராஜபுத்திர அரசர்களும் ஜமீன்தார்களும் கட்டிய பழைய மாளிகைகள், மடங்கள், கோயில்கள். தர்பங்கா படித்துறையில் இருக்கும் அரண்மனைபோல அவற்றில் சில மட்டுமே ஹோட்டல்களாகியிருக்கின்றன. ஆற்றை ஒட்டிப் புதிதாகக் கட்டுவதற்குக் கட்டுப்பாடு இருப்பதால் இந்த அறைகளின் எண்ணிக்கை எளிதில் கூடப்போவதில்லை. தோட்டமும் நீச்சல்குளமும் கொண்ட பெரிய நட்சத்திர ஹோட்டல்கள் கன்டோன்மென்ட், நதேசர் பக்கம், ஆற்றிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி இருக்கின்றன. அங்கே அமைதி உண்டு, ஆறு இல்லை.

இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது வகை ஒன்று இருக்கிறது. இரண்டாவது, மூன்றாவது வரிசைச் சந்துக்குள் இருக்கும் கட்டடம். மொட்டைமாடியிலிருந்து கங்கை நன்றாகத் தெரியும், அறையிலிருந்து தெரியாது. மாடியில் எடுத்த படத்தை அறையின் படங்களோடு சேர்த்துப் போட்டு, முதல் வரிசை விலையைக் கேட்பார்கள். "கங்கைக் காட்சி", "பகுதிக் காட்சி", "கங்கையை ஒட்டி", "படித்துறைக்கு அருகில்" என்று எழுதுகிறவர் எந்த அளவுகோலுக்கும் கட்டுப்பட்டவர் இல்லை. எத்தனை அடி ஆறு தெரிந்தால் அது காட்சி என்று யாரும் வரையறுக்கவில்லை. இதே ஊரில் நானும் இப்படியொரு அறைக்குப் பணம் கட்டியிருக்கிறேன். விடியும்போது கட்டிலிலிருந்தே ஆற்றைப் பார்க்கலாம் என்று சொல்லித்தான் விற்றார்கள். தினமும் மாடி ஏறித்தான் பார்த்தேன். மாடிக்கு வர எந்த அறைக்காரருக்கும் தடையில்லை, கூடுதல் பணம் கொடுத்தவன் நான் மட்டும்தான். அது இன்றைக்கும் ஆறவில்லை.

ஆகவே பணம் கட்டும் முன் ஹோட்டலுக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள். எந்த மாடி, எந்த எண் அறை என்று கேளுங்கள். அந்த அறையின் கட்டிலில் உட்கார்ந்த நிலையில் ஜன்னலைப் பார்த்து எடுத்த படம் ஒன்று கேளுங்கள். முதல் வரிசை ஹோட்டல்காரர் மகிழ்ச்சியோடு அனுப்புவார். மழுப்புகிறவரை விட்டுவிடுங்கள். தொலைபேசியில் சொன்னதை நம்ப வேண்டாம்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அறையிலிருந்து எடுத்த படங்கள், பதிவின்போது இணையத்தில் இருந்த வர்ணனையின் ஸ்கிரீன்ஷாட், பில் ஆகியவற்றைச் சேர்த்து ஹோட்டலுக்கும் பதிவுத் தளத்துக்கும் எழுதுங்கள். சாதாரண அறைக்கும் காட்சி அறைக்கும் உள்ள விலை வித்தியாசத்தை நான்கு இரவுக்கும் திருப்பிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். காசிக்கு அலைய வேண்டியதில்லை. செலுத்திய தொகை ஐந்து லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணமில்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு. விடாதீர்கள்.

கேள்வி: ரயில் காலை ஆறு மணிக்கு வந்து சேர்கிறது. அறை பிற்பகல் இரண்டு மணிக்குத்தான் என்கிறார்கள். ஒரு நாள் வாடகை வாங்கிக்கொண்டு இது நியாயமா?
– வாசகர், சேலம்

பதில்: நியாயமில்லை, ஆனால் நீங்கள் ஒப்புக்கொண்ட விதி அது. காலையிலேயே அறை வேண்டுமென்று முன்கூட்டி எழுதி உறுதி வாங்குங்கள், அல்லது முந்தைய இரவுக்கும் சேர்த்துப் பணம் கட்டுங்கள். வயதானவர்கள் கூட வந்தால் இரண்டாவதே நல்லது.

கேள்வி: ஒரே ஹோட்டலில் ஓர் அறை ரூ.7,500, கொஞ்சம் பெரிய அறை ரூ.8,000. ஐந்நூறு ரூபாய்தானே என்று பெரிய அறையை எடுத்தோம். பில்லில் வித்தியாசம் மூன்று மடங்காக வந்தது. எப்படி?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: வரியால் வந்தது. ஹோட்டல்காரர் உங்களை ஏமாற்றவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் ஓர் இரவுக்கு ரூ.7,500 வரையான அறைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதைத் தாண்டினால் முழு வாடகைக்கும் 18 சதவீதம். 7,500 ரூபாய் அறை வரியோடு 7,875. 8,000 ரூபாய் அறை வரியோடு 9,440. ஐந்நூறு ரூபாய் வித்தியாசம் 1,565 ஆகிவிடுகிறது. எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் அறைகளை எப்போதும் வரியோடு ஒப்பிடுங்கள்.

சாப்பாட்டிலும் இதைக் கவனிக்க வேண்டும். சென்ற நிதியாண்டில் ஓர் அறையையாவது ரூ.7,500-க்கு மேல் விற்ற ஹோட்டலுக்குள் இருக்கும் உணவகம் என்றால் உணவுக்கும் 18 சதவீதம். வெளியே சந்தில் கச்சோரி, ஜிலேபி சாப்பிட்டால் அந்தக் கணக்கே இல்லை. சுவையும் அங்கேதான்.

கேள்வி: அறைக்கு வரவழைத்த இரவு உணவின் பில்லில் 10 சதவீதம் சேவைக் கட்டணம் சேர்த்திருந்தார்கள். "ஹோட்டல் கொள்கை" என்றார்கள். கொடுத்துத்தான் ஆக வேண்டுமா?
– வாசகி, புதுச்சேரி

பதில்: வேண்டாம். தானாகச் சேவைக் கட்டணம் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. நீக்கச் சொல்லுங்கள். நன்றாகக் கவனித்த பையனுக்கு அந்தப் பணத்தை நேரே கையில் கொடுங்கள், அது முழுதாக அவனுக்குப் போகும்.

கேள்வி: தேவ தீபாவளிக்கு ஹோட்டல் பதிவு செய்தோம், மூன்று இரவுக்கு ரூ.96,000. ரயில் டிக்கெட் காத்திருப்புப் பட்டியலில் இருந்து உறுதியாகவே இல்லை. விமானம் ஏகத்துக்கு விலை. பணத்தைத் திருப்பிக் கேட்டால் "திரும்பப் பெற முடியாத கட்டணம்" என்கிறார்கள். அப்படி எழுதியிருந்தது உண்மைதான். வழி உண்டா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: இல்லை. கார்த்திகைப் பௌர்ணமியன்று காசியின் எல்லாப் படித்துறைகளிலும் விளக்கேற்றுவார்கள். அந்த ஓர் இரவைப் பார்க்க நாடே அங்கே திரளும், அறைகள் பல மாதங்களுக்கு முன்பே போய்விடும். அப்படிப்பட்ட நாளுக்குப் போய்ச் சேர வழி உறுதியாகாமல் ஏறக்குறைய ஒரு லட்சத்தை, திரும்பாது என்று படித்தும் கட்டியிருக்கிறீர்கள். முதலில் டிக்கெட், பிறகு அறை. வேறு தேதிக்கு மாற்றித் தர முடியுமா என்று பணிவாகக் கேட்டுப் பாருங்கள், சிலர் செய்வார்கள். உரிமையாகக் கேட்க உங்களிடம் ஒன்றுமில்லை.

கேள்வி: படித்துறை ஓரமாக இருக்கும் பெயர்பெற்ற ஒரு ஹோட்டலைத் தேடினேன். முதலில் வந்த இணையதளத்தில் அதே படங்கள், அதே பெயர். வாட்ஸ்அப்பில் பேசி, 20 சதவீதத் தள்ளுபடி என்று சொல்லி, முழுத்தொகை ரூ.52,000-ஐ யுபிஐ மூலம் கேட்டார்கள். அனுப்பினேன். ரசீதும் வந்தது. அம்மாவை அழைத்துக்கொண்டு போய் நின்றால், அப்படி ஒரு பதிவே இல்லை என்றார்கள். அம்மா முன்னால் தலைகுனிந்து நின்றேன்.
– வாசகர், விருதுநகர்

பதில்: நீங்கள் ஏன் தலைகுனிய வேண்டும்? அம்மாவை நல்ல இடத்தில் தங்கவைக்க ஆசைப்பட்ட பிள்ளை நீங்கள். தலைகுனிய வேண்டியவர்கள் வேறு எங்கோ உட்கார்ந்து அடுத்த ஆளுக்கு ரசீது தயார்செய்துகொண்டிருக்கிறார்கள். புண்ணிய ஊருக்கு வருகிறவர்களின் பக்தியையும் அவசரத்தையும் வைத்துப் பிழைக்கும் இந்தக் கும்பல்மீது எனக்கு அடங்காத கோபம் உண்டு. ஹோட்டல் மட்டுமல்ல, சத்திரம், தரிசன டிக்கெட், ஹெலிகாப்டர் என்று எல்லாவற்றுக்கும் போலித் தளம் வைத்திருக்கிறார்கள்.

இன்றே செய்யுங்கள்: 1930 என்ற எண்ணுக்குப் பேசிப் புகார் பதியுங்கள். தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்திலும் பதிவு செய்யுங்கள். உங்கள் வங்கிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். பரிவர்த்தனை எண், வாட்ஸ்அப் உரையாடல், போலி ரசீது, தளத்தின் முகவரி எதையும் அழித்துவிடாதீர்கள். ஏமாந்தது தெரிந்த சில மணி நேரத்துக்குள் 1930-க்குப் பேசினால் பணம் கைமாறும் முன் கணக்கை முடக்கும் வாய்ப்பு அதிகம். நாள் கடந்திருந்தாலும் பதியுங்கள், அதே கணக்கில் பணம் போட்ட மற்றவர்களின் புகாரோடு உங்களுடையதும் சேரும்.

மற்றவர்களுக்கு: தேடலில் முதலில் வருவது விளம்பரமாக இருக்கலாம். எண்ணை வேறொரு நம்பகமான இடத்தில் ஒப்பிட்டு, ஹோட்டலின் வரவேற்பறைத் தரைவழித் தொலைபேசிக்குப் பேசுங்கள். யுபிஐயில் பணம் போகும் பெயர் நிறுவனத்தின் பெயரா, தனிநபர் பெயரா என்று பாருங்கள். தனிநபர் என்றால் அங்கேயே நிறுத்துங்கள். நல்ல ஹோட்டல் எதுவும் வாட்ஸ்அப்பில் முழுத்தொகைக்கு அவசரப்படுத்தாது.

கேள்வி: "ஹெரிடேஜ்" என்று பெயரிலேயே போட்டிருந்தார்கள். போனால் கட்டடம் பத்து வருடத்துக்கு மேல் இருக்காது. ஜரோகா ஜன்னல் மட்டும் ஒட்டவைத்திருக்கிறார்கள்.
– வாசகர், காரைக்குடி

பதில்: செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்து வளர்ந்த உங்களுக்கு அது பொறுக்காதுதான். ஹெரிடேஜ் ஹோட்டல் என்ற அங்கீகாரத்தை மத்திய சுற்றுலா அமைச்சகம் தருகிறது. கட்டடம் 1950-க்கு முன் கட்டியதாக இருக்க வேண்டும். 1935-க்கு முந்தையது ஹெரிடேஜ் கிளாசிக், 1920-க்கும் முந்தையது ஹெரிடேஜ் கிராண்ட். ஆனால் இந்த அங்கீகாரம் கட்டாயமில்லை, பெயர்ப்பலகையில் யாரும் எழுதிக்கொள்கிறார்கள். "அமைச்சகத்தின் சான்றிதழ் இருக்கிறதா, எந்தப் பிரிவு, எந்த ஆண்டு வரை செல்லும்" என்று கேளுங்கள். நட்சத்திரத்துக்கும் இதே கேள்விதான். பதிவுத் தளங்கள் போடும் நட்சத்திரம் அரசு தந்ததாக இருக்க வேண்டியதில்லை.

கேள்வி: காசியில் நான்கு இரவு, ஆடம்பர ஹோட்டல், இருவருக்கு ரூ.1,30,000 என்று பயண நிறுவனம் ஒரு பேக்கேஜ் தந்திருக்கிறது. முதல் நாள் கோயில்கள், இரண்டாம் நாள் பிரயாக்ராஜ், மூன்றாம் நாள் அயோத்தி, நான்காம் நாள் விந்தியாசலமும் சாரநாத்தும். அம்மாவோ, "சத்திரத்தில் தங்கினால் போதாதா" என்கிறார். பேக்கேஜ் நல்ல விலைதானா?
– வாசகி, சென்னை

பதில்: உங்கள் அம்மா சொல்வதுதான் சரி. இந்தப் பயணத் திட்டத்துக்குச் சத்திரமே போதும். பிரயாக்ராஜ் 120 கிலோமீட்டருக்கு மேல், அயோத்தி 200 கிலோமீட்டருக்கு மேல். காலை ஆறு மணிக்குக் காரில் ஏறி இரவு பத்து மணிக்கு அறைக்குத் திரும்பப் போகிறீர்கள். விலை உயர்ந்த அறை என்பது விழித்திருந்து அதில் கழிக்கும் நேரத்துக்காக வாங்குவது. ஆற்றைப் பார்க்கும் ஜன்னலுக்கும் தோட்டத்துக்கும் குளத்துக்கும் பணம் கொடுத்துவிட்டு, இருட்டில் வந்து இருட்டில் கிளம்பினால் உங்களுக்குக் கிடைப்பது ஒரு மெத்தை மட்டும்தான். பயண நிறுவனங்கள் இப்படிச் செய்வது தெரியாமல் இல்லை. பட்டியலில் இடங்களின் எண்ணிக்கை கூடினால் வாங்குகிறவர் லாபம் என்று நினைப்பார் என்று அவர்களுக்குத் தெரியும். வாங்குகிறவர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். எத்தனை முறை எழுதியும் மாறவில்லை என்பதில் எனக்கு வருத்தம்.

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஓடித்தான் பார்க்க வேண்டுமென்றால் நகரத்தார் சத்திரம் போன்ற இடத்தில் விசாரித்துத் தங்குங்கள். தமிழ்ப் பேச்சு உண்டு, விசுவநாதருக்குத் தினமும் பூசைப் பொருள்களைச் "சம்போ" என்று முழங்கி எடுத்துச் செல்லும் ஊர்வலத்தையும் அம்மா பார்க்கலாம். ஹோட்டல்தான் என்றால் அயோத்தியையும் பிரயாக்ராஜையும் இன்னொரு பயணத்துக்கு விடுங்கள். விடியும் முன் அஸ்ஸி படித்துறையில் ஆரத்தியும் இசையும் நடக்கும். போய் உட்கார்ந்துவிட்டு, வெயில் ஏறும் முன் அறைக்குத் திரும்புங்கள். ஒரு மாலை அனுமன் படித்துறைப் பக்கம் நடந்து வாருங்கள், பாரதியார் இளமையில் வாழ்ந்த தெரு அங்கேதான். கேதார படித்துறையில் குமரகுருபரர் நிறுவிய காசி மடம் இருக்கிறது. சாரநாத் பத்து கிலோமீட்டர்தான், ஒரு காலைப்பொழுது போதும். அங்கே அருங்காட்சியகத்தில்தான் அசோகரின் சிங்கத் தூண்தலை இருக்கிறது. வெள்ளிக்கிழமை விடுமுறை, அன்று போகாதீர்கள். மற்ற நேரமெல்லாம் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து கங்கையைப் பார்க்கட்டும்.

கேள்வி: ஆகஸ்டில் அதே ஹோட்டல் பாதி விலை. எடுத்துக்கொள்ளலாமா?
– வாசகர், ஓசூர்

பதில்: என்ன வாங்குகிறீர்கள் என்று தெரிந்து எடுங்கள். மழைக்காலத்தில் கங்கை ஏறிப் படித்துறைகளை மூழ்கடிக்கும். படகுகளை நிறுத்திவிடுவார்கள், ஒரு படித்துறையிலிருந்து அடுத்ததற்குப் படிவழியே நடக்க முடியாது, மாலை ஆரத்தி கூரைக்கு மாறும். ஆற்று வழியாகத்தான் போய்ச் சேர வேண்டிய ஹோட்டல் என்றால் சந்து வழியாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியிருக்கும், அதை முன்பே கேளுங்கள். புத்தகத்தோடு உட்கார்ந்து பெருகி ஓடும் ஆற்றைப் பார்த்தால் போதும் என்பவருக்குப் பாதி விலை உண்மையிலேயே லாபம். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் வேறு தொல்லை. பனிமூட்டத்தால் விமானமும் ரயிலும் தாமதமாகும், ரத்தாகும். அந்த மாதங்களில் ரத்து செய்ய முடிகிற அறைக்கே பணம் கட்டுங்கள், கொஞ்சம் கூடுதலானாலும்.

கேள்வி: ஹோட்டல் ஏற்பாடு செய்த வழிகாட்டி, "நெசவாளர் வீடு" என்று ஓரிடத்துக்கு அழைத்துப்போனார். கைத்தறி, சுத்தப் பட்டு என்று சொல்லி ரூ.28,000-க்கு ஒரு பனாரஸ் சேலை. ஊரில் காட்டினால் விசைத்தறி என்கிறார்கள். பில்லில் "சேலை – 1" என்று மட்டும் இருக்கிறது.
– வாசகி, மதுரை

பதில்: வழிகாட்டி காட்டும் கடையில் விலையோடு அவருடைய கமிஷனும் சேர்ந்தே இருக்கும். எனக்கும் அப்படி ஒரு சால்வை விற்றார்கள். முதல் சலவையில் சாயம் போய்விட்டது, எழுதிய கடிதத்துக்குப் பதிலே வரவில்லை.

பனாரஸ் சேலைக்கு 2009-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கைத்தறியில் ஒரு சேலை நெய்யப் பல வாரங்கள் ஆகும். விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று விற்கும்போது உங்களோடு அந்த நெசவாளரும் ஏமாற்றப்படுகிறார். அடுத்த முறை இரண்டு முத்திரைகளைக் கேளுங்கள். சில்க் மார்க் என்பது சுத்தப் பட்டு என்பதற்கு மட்டும் உறுதி. கையால் நெய்தது என்பதற்கு ஹேண்ட்லூம் மார்க் தனி. ஒன்றைக் காட்டி இரண்டுக்கும் விலை சொல்வார்கள். பில்லில் "கைத்தறி, சுத்தப் பட்டு, பனாரஸ்" என்று எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் எழுந்துவிடுங்கள்.

உங்கள் பில் பலவீனம்தான், ஆனால் அதோடு முடிந்துவிடவில்லை. கார்டில் கட்டியிருந்தால் அந்தப் பதிவு இருக்கும். துணியைப் பரிசோதனைக்குக் கொடுத்து அறிக்கை வாங்குங்கள். கடைக்கும், வழிகாட்டியை ஏற்பாடு செய்த ஹோட்டலுக்கும் அதை அனுப்புங்கள். தன் விருந்தினரை எந்தக் கடைக்கு அனுப்புகிறோம் என்பதில் ஹோட்டலுக்குப் பொறுப்பு உண்டு என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: இணையத்தில் முதலில் ரூ.9,000 என்று காட்டியது, பணம் கட்டும் பக்கத்தில் ரூ.11,800. கூடவே "ஒரே அறைதான் மீதம்" என்று மிரட்டல்.
– வாசகர், நாகர்கோவில்

பதில்: கட்டணத்தைத் துளித்துளியாகச் சேர்ப்பதும் பொய் அவசரம் காட்டுவதும் 2023-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடைசெய்த 13 ஏமாற்று உத்திகளில் அடங்கும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து 1915-க்குப் புகார் செய்யுங்கள். ஒரே அறை மீதம் என்பதை ஹோட்டலுக்கே பேசிச் சரிபாருங்கள். நேரடி விலை பல நேரம் குறைவாகவே இருக்கும்.

கேள்வி: படகுச் சவாரியை ஹோட்டல் மூலம் எடுப்பதா, படித்துறையில் பேசுவதா?
– வாசகர், வேலூர்

பதில்: படித்துறையில். ஏறும் முன் முழுப் படகுக்கா தலைக்கா, எந்தத் துறையிலிருந்து எந்தத் துறை வரை, எவ்வளவு நேரம் என்று பேசி முடியுங்கள். உயிர்காப்பு அங்கி இல்லாத படகில் ஏறாதீர்கள்.